ஹாயே விழுந்த நான்கு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு விழத் தொடங்கிய ஹாயே, வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குத்தான் தரைக்கு வந்து சேர்ந்தார். நடுவில் அவருக்கு எண்பத்தைந்து வயது முடிந்தது. மூன்று முறை சவரம் செய்துவிட்டார்கள். பிறந்தநாள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஓஸ்டர்வீன் ஊரில் இதைப் பார்க்காதவர்கள் என்று யாரும் கிடையாது. அப்படிப் பார்த்தவர்களிலும் பாதிப்பேர், வாத்து வளர்க்கும் பீன் என்ற பெரியவர் உட்பட, "ரொம்ப நேரமாகுதே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நெதர்லாந்தின் வடகோடியில் இருக்கும் ஃப்ரீஸ்லாந்துக்காரர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதே தப்பு.

ஹாயே இளவயதில் கழி ஊன்றிக் கால்வாய் தாண்டும் பந்தயங்களில் பேர் வாங்கியவர். ஓடிவந்து, தண்ணீருக்குள் நிற்கும் பன்னிரண்டு மீட்டர்க் கழியைத் தாவிப் பிடித்து, அது சாய்வதற்குள் குரங்கு மாதிரி உச்சிவரை ஏறி, அக்கரை மணலில் போய் விழ வேண்டும். எங்கள் பக்கத்தில் அது விளையாட்டு. மற்ற ஊர்க்காரர்கள் அதைத் தற்கொலை முயற்சி என்பார்கள். ஹாயேவுக்கு மற்றவர்களைவிட அரை விநாடி கூடுதலாக அந்தரத்தில் நிற்கத் தெரியும் என்று அந்தக் காலத்திலேயே பேச்சுண்டு. எண்பது வயதில் பக்கவாதம் வந்தது. கூடவே மறதியும் வந்தது. ஒருநாள் பைஜாமாவோடு கால்வாய்க் கரையில் நின்று கழியைத் தேடிக்கொண்டிருந்தவரை, லிண்டன்ஹோஃப் முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அங்கே தலைமை நர்ஸ் அவருடைய ஒரே மகள் வீட்ஸ்கா. சேர்ந்த அன்றைக்கே, அப்பா என்ற சலுகை ஒரு பொட்டும் காட்டாமல், அப்பாவை நாற்காலியோடு சேர்த்து பெல்ட் போட்டது அவள்தான்.

அந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பட்டை, இடுப்பைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் பூட்டிக்கொள்ளும். ஸ்வீடன் பெல்ட் என்று பெயர். ஸ்வீடன்காரர்களுக்கு அது தெரியுமா என்று யாரும் விசாரித்ததில்லை. சாவி கிடையாது. பித்தான் அளவில் ஒரு கறுப்புக் காந்தத்தை வைத்தால்தான் பூட்டு விடும். அந்தக் காந்தத்தை வீட்ஸ்கா கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். இருபது வருஷம் அது கிடந்த இடத்தில் தோல் வட்டமாக வெளுத்துப் போயிருந்தது. முப்பத்தொரு பேர் இருந்த இல்லத்தில் பதினேழு பேருக்கு பெல்ட் இருந்தது. கேட்டால், விழுந்துவிடுவார்கள் என்பதுதான் பதில்.

வீட்ஸ்கா கல்நெஞ்சக்காரி இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில், டெட்மர் என்ற பெரியவர் கெஞ்சினாரே என்று மனம் பொறுக்காமல் ஒருநாள் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள். அவர் எழுந்தார், விழுந்தார், இடுப்பு முறிந்தது, மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள்தான் தன்னைச் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு அவள் போட்ட பெல்ட்டில் ஒரு விரல்கூட நுழையாது.

அப்பா மட்டும் பெல்ட் போட்ட அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துடைக்க வரும் ஃபதிஹாவோடு பேசுவார், பூனையோடு பேசுவார், ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குக்கூட வானிலை சொல்வார். மகள் வந்தால் வாயை இறுக்கிக்கொள்வார். தினமும் காலையில் அவள் "தூங்கினீங்களாப்பா?" என்று கேட்பாள், அவர் ஜன்னலைப் பார்ப்பார். நாலு வருஷம் இப்படியே. கோபமாக இருக்கிறார், உயிரோடாவது இருக்கிறாரே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அழுததை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் தெற்கே பிரபாந்திலிருந்து மார்லூஸ் என்ற பெண் மேலாளராக வந்து சேர்ந்தாள். சத்தமாகச் சிரிப்பாள், எல்லோரையும் தோளில் தட்டுவாள். முதல் நாளே காபிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தவள், மூடவே இல்லை. எங்கள் பக்கம் காபிக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவை மூடிவிடுவோம். இந்தத் திறந்த டப்பாவைப் பார்த்துப் பாதி ஊழியர்கள் மூடியைத் தேடினார்கள். அதனால் அடுத்து அவள் சொன்னது உடனே யார் காதிலும் ஏறவில்லை. ஈஸ்டருக்குள் இந்த வீட்டில் ஒரு பெல்ட்கூட இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

எல்லோரும் தலையாட்டாமல் எங்கள் நாட்டில் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. பதினொரு கூட்டம் நடந்தது. மார்லூஸ் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. "இவங்க எழுந்திருக்காம இருக்க என்ன பண்ணலாம்னு இருபது வருஷமா யோசிச்சிருக்கீங்க. எதுக்கு எழுந்திருக்கறாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தார்கள். ஆல்ட்யா என்ற பண்ணைக்காரப் பெரியம்மா விடியும் முன் எழுந்து அலறுவது பால் கறக்க நேரமாகிவிட்டதே என்றுதான். ஒரு வாளியும் முக்காலியும் கொடுத்தார்கள், அலறல் நின்றது. இரண்டு பேர் சிறுநீர் முட்டியதால் எழுந்திருக்கிறார்கள். அதை இருபது வருஷமாக அவர்களே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்களாம். இன்னொருவருக்கு நாற்காலி உயரம் போதவில்லை, அவ்வளவே. கட்டில்களைத் தரையோடு தரையாக இறக்கினார்கள், பக்கத்தில் மெத்தை விரித்தார்கள், இடுப்பில் பஞ்சு வைத்த கால்சட்டை தைத்தார்கள். பெல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வீட்ஸ்கா காந்தத்தைக் கொடுத்துவிட்டு, "விழுவாங்க பாரு" என்றாள்.

விழத்தான் செய்தார்கள். மெதுவாக விழுந்தார்கள். முதலில் விழுந்த ஆல்ட்யா தரையைத் தொட எட்டு நிமிஷம் ஆயிற்று. ஃபதிஹா பார்த்துவிட்டு, போய் மெத்தை எடுத்து வந்து, அதைச் சரியாகப் போட்டு, வழியில் சிந்திய காபியையும் துடைத்து முடித்தபோதும் ஆல்ட்யாவுக்கு இன்னும் முழங்கால் உயரம் பாக்கி இருந்தது. அடுத்த வாரம் இன்னொருவர் அரை மணி எடுத்துக்கொண்டார். பாதி வழியில் செய்தித்தாள் கேட்டு வாங்கிப் படித்தார். காரணம் கேட்டால் எங்கள் ஊரில் தோளைக் குலுக்குவார்கள். எல்லோருக்கும் தலைவலி படிவத்தால்தான் வந்தது. விபத்துப் படிவத்தில் "விழுந்த நேரம்" என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. தொடங்கிய நேரத்தை எழுதுவதா முடிந்த நேரத்தை எழுதுவதா என்று இரண்டு கூட்டம் போட்டார்கள். ஹேக் நகரத்திலிருந்து அரசு ஆய்வாளர் ஒருவர் வந்து, ஒரு அம்மாள் விழுவதை இருபது நிமிஷம் நின்று பார்த்து, இரண்டாவது காபி குடித்து, சட்டத்தில் வேகம் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

ஈஸ்டர் வந்தபோது பதினேழில் பதினாறு பெல்ட் அலமாரிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்று ஹாயே இடுப்பில். பெல்ட்டை எடுக்கக் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும், ஹாயேவுக்குக் குடும்பம் என்றால் வீட்ஸ்கா. அவள் போடவில்லை.

"இங்க இருக்கிற எல்லாரும் பஞ்சு மாதிரி எறங்கறாங்க. உங்கப்பா மட்டும் கல்லு மாதிரி விழுந்துடுவாரா?" என்று மார்லூஸ் கேட்டாள்.

"விழுந்தா? நீயா வந்து தூக்குவே? டெட்மர் எப்படி விழுந்தார்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

மார்லூஸ் கையெழுத்துப் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். காந்தம் மறுபடி வீட்ஸ்கா கழுத்துக்கே வந்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காபி நேரத்தில், ஃபதிஹா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து வீட்ஸ்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோவம் வர்ற விஷயமா இருந்தா கோச்சுப்பேன். சொல்லு."

"உங்கப்பா உங்கமேல கோவமா இருக்கார்னுதானே நெனச்சுட்டு இருக்கீங்க? கோவமெல்லாம் இல்ல. நீங்க யாருன்னே அவருக்குத் தெரியல."

"மறதிக்காரர். யாரைத்தான் தெரியும் அவருக்கு?"

"என்னைத் தெரியுது. பூனையத் தெரியுது. அந்த பிரபாந்துக்காரியக்கூடத் தெரியுது. உங்களையும் நல்லாவே தெரியும், ஆனா வேற ஆளா." ஃபதிஹா குரலை இறக்கினாள். "தினமும் என்கிட்ட சொல்றார். என் பொண்ணு வீட்ஸ்கா வரட்டும், வந்து இந்த சிஸ்டரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா, என்னை ஒருத்தி கட்டிப் போட்டா என் பொண்ணு பாத்துட்டு சும்மா இருப்பாளான்னு. உங்களுக்காகத்தான் அந்த ஜன்னலையே பாத்துட்டு இருக்கார். நாலு வருஷமா. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல, அதான் சொல்லிட்டேன்."

வீட்ஸ்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்தது தெரியாமல் மறுபடி ஒரு தடவை வைத்தாள். பிறகு எழுந்து போனாள். அப்பாவின் பின்னால் மண்டியிட்டு, கழுத்துக் காந்தத்தைப் பூட்டில் வைத்தாள். க்ளிக் என்றது. ஹாயே இடுப்பைத் தடவிப் பார்த்தார். கைப்பிடியை அழுத்தி எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே கால்வாய் இருந்தது. அதை நோக்கி இரண்டடி வைத்தார். மூன்றாவதில் செருப்பு மடங்கியது. மணி பத்தேகால்.

அவள் கத்திக்கொண்டு பாய்ந்தாள். பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஹாயே இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி ஒரு பாகையளவு சாய்ந்து, அங்கேயே நின்றார். இழுத்தால் வரவில்லை, தள்ளினால் நகரவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு நகக்கண் அளவு சாய்ந்திருந்தார். "பெரிய கால்வாய்" என்றார், யாரிடமென்று தெரியவில்லை.

உடனே கூட்டம் போட்டார்கள். இயன்முறை மருத்துவர் அளவுகோலும் கைக்கடிகாரமுமாக இரண்டு மணி நேரம் நின்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குத் தரையிறங்குவார் என்று அறிவித்தார். எல்லோரும் நாட்குறிப்பைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். மார்லூஸ் மூன்று முதல் நாலு வரை ஒதுக்கினாள். இல்லத்து டாக்டர் மூன்றேகாலுக்கு வருவதாகச் சொன்னார். அதுவரை பழைய மெத்தை, வெள்ளிக்கிழமை இரண்டரைக்குத் தடிமனான புது மெத்தை என்று முடிவாயிற்று. நாட்குறிப்பில் ஏறிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நிம்மதி. நடக்க வேண்டியது பாதி நடந்துவிட்ட மாதிரி.

வீட்ஸ்காவுக்கு நிம்மதியில்லை. புதன்கிழமை காலை ஹாயே பாதி சாய்ந்திருந்தார். மண்டைதான் முதலில் தரையில் படும் என்று அவளுக்குப் பட்டது. டெட்மரின் சத்தம் காதுக்குள் கேட்டது. படுத்தவர்களைத் தூக்கும் சின்னக் கிரேனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பெல்ட்டை உருவினாள். அப்பாவின் வயிற்றைச் சுற்றிக் கட்டிக் கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவர் பாட்டுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் தொங்கட்டும் என்று நினைத்தாள். பெல்ட் சட்டையில் பட்ட மாத்திரத்தில் ஹாயே தடாலென்று ஒரு சாண் இறங்கினார்.

"ஏய், எடுங்க! எடுங்க அதை!" என்று ஃபதிஹா துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

வீட்ஸ்கா பெல்ட்டைத் தூக்கி எறிந்தாள். அவர் நின்றார். நின்று, மறுபடி நகக்கண் நகக்கண்ணாக இறங்கத் தொடங்கினார். வீட்ஸ்கா கிரேனின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, விக்கி விக்கி அழுதாள். யாரோ ஒரு காபி கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு பிஸ்கட்டோடு.

வியாழக்கிழமை ஹாயேவுக்குப் பிறந்தநாள். விழுந்துகொண்டிருக்கிறார் என்பதற்காகப் பிறந்தநாளைத் தள்ளிப்போட முடியுமா? நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள், நடுவில் அவர். வந்தவர்கள் எங்கள் ஊர் முறைப்படி வட்டத்தைச் சுற்றி வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். "உங்கப்பாவுக்கு வாழ்த்துகள்", "உங்க பக்கத்து அறைக்காரருக்கு வாழ்த்துகள்" என்று வீட்ஸ்காவுக்கும் ஃபதிஹாவுக்கும் மார்லூஸுக்கும் ஆல்ட்யாவுக்கும் வாழ்த்துச் சொல்லி, கடைசியாகக் குனிந்து ஹாயேவுக்கும் சொன்னார்கள். அவர் இப்போது தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகக் கிடந்தார். கேக்கைக் கரண்டியில் வைத்துக் கீழிருந்து மேலாக ஊட்ட வேண்டியிருந்தது. வாத்து பீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "எப்படிடா இருக்கு?" என்றார்.

"மணல் இன்னும் வரல" என்றார் ஹாயே.

"அம்பத்தொண்ணுல என்னைத் தோக்கடிச்சியே, அப்பவும் இதே மாதிரிதான் தொங்கிட்டு இருந்தே. நடுவர் வீட்டுக்குக் கெளம்பிட்டார்."

ஹாயே சிரித்தார். நாலு வருஷமாக அந்தச் சிரிப்பை வீட்ஸ்கா கேட்டதில்லை. அவள் வட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே போகவில்லை. நர்ஸ் உடுப்பில் இருந்தாள், போனால் வாயை மூடிக்கொள்வார் என்று பயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லிண்டன்ஹோஃப் முழுவதும் ரொட்டியும் மோரும் சாப்பிடப் போய்விட்டது. மூன்று மணிக்குத்தானே. பழைய மெத்தையைச் சலவைக்கு எடுத்துப் போய்விட்டார்கள், புதியது இரண்டரைக்கு வரும். யாருக்கும் பதற்றமில்லை. வீட்ஸ்கா மட்டும் சாப்பிடப் போகவில்லை. கதவோரம் நின்று கண்ணாலேயே அளந்தாள். காலையில் ஒன்றரை முழம் இருந்த இடைவெளி இப்போது ஒரு முழம்தான். ஹாயே கணக்குப்படி விழுகிற ஆள் இல்லை. அதை இயன்முறை மருத்துவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கூப்பிட நேரமில்லை. தலையணை எடுக்கக்கூட நேரமில்லை. உடுப்பின் மேல்சட்டையைக் கழற்றி எறிந்தாள், கழுத்துக் கயிற்றையும் சேர்த்து இழுத்தாள், அது அறுந்து காந்தம் எங்கோ உருண்டோடியது. வெறும் பனியனோடு மல்லாக்கப் படுத்து, முதுகால் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து அவர் அடியில் போய்ச் சேர்ந்தாள்.

நான்கு நாளாக அவர் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்க்கவில்லை. அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த முகம் அவளுடையதற்கு நேர் மேலே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நெற்றியில் கேக்குத் துகள். கண் இரண்டும் அவளைப் பார்த்தன. ரொம்ப நேரம் பார்த்தன.

"வீட்ஸ்கா" என்றார். "எப்ப வந்தே?"

அவள் அந்தக் கேக்குத் துகளை விரலால் தட்டிவிட்டாள். "இப்பதாம்பா."

"இவ்வளவு நேரமா?"

"ஆமாப்பா. நேரமாயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

"சரி விடு. வந்துட்டியே" என்றார். மிச்சமிருந்த ஒரு சாணையும் ஒரே மூச்சில் விழுந்தார். எழுபத்தெட்டு கிலோ. மணி பன்னிரண்டு பத்து.

அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு இடப்பக்கம் ஒரு விலா எலும்பில் கீறல் விட்டிருந்தது. மூன்று மணிக்கு எல்லோரும் நாட்குறிப்போடு வந்தபோது ஹாயே நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார், வீட்ஸ்கா பக்கத்தில் விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்து வலியில் சிரித்துக்கொண்டிருந்தாள். புது மெத்தை நேரம் தவறாமல் இரண்டரைக்கே வந்திருந்தது. படிவத்தை அவளே நிரப்பினாள். விழுந்த நேரம் என்ற கட்டத்தில் "செவ்வாய் முதல் வெள்ளி வரை" என்று பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள். எதன் மேல் விழுந்தார் என்ற கேள்விக்கு "மகள் மேல்" என்று எழுதினாள்.

அது நடந்து சில வருஷம் ஆகிறது. கடைசி பெல்ட்டும் அலமாரிக்குப் போய், அலமாரியும் ஒருநாள் காலி செய்யப்பட்டது. காந்தத்தை ஃபதிஹா ரேடியேட்டருக்கு அடியிலிருந்து பெருக்கி எடுத்தாள். இப்போது அது சமையலறைக் குளிர்பெட்டியில் யார் எப்போது காபி போடுவது என்ற பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊரில் யாராவது லிண்டன்ஹோஃபுக்குப் போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டால், "அம்மா ரெண்டு மணிக்கு விழுந்துட்டு இருப்பாங்க, நாலுக்கு மேல வாங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். படிவத்தில் இப்போது இரண்டு கட்டம். பிஸ்கட் டப்பா மட்டும் மறுபடி மூடியாயிற்று, அதற்கு மார்லூஸாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஹாயே காலையில் மகளைப் பார்த்தால் சில நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் பெயர் வராது, ஆனால் பேசுவார். போன வாரம் ஒருநாள் கையில் காபியோடு அவளையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீ இங்கதான் வேலை பாக்கறியா?"

"ஆமாப்பா."

"முன்ன இங்க ஒரு சிஸ்டர் இருந்தா. மனுஷங்களைக் கட்டிப் போடுவா. எங்க அவ?"

"போயிட்டாப்பா."

"நீ வந்து வெரட்டிட்டியா?"

வீட்ஸ்கா கொஞ்ச நேரம் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "ஆமாப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியும், நீ விடமாட்டேன்னு" என்று சொல்லிவிட்டு, ஹாயே காபியை வைத்தார், கைப்பிடியை அழுத்தி எழுந்தார், ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தார், மூன்றாவதில் விழத் தொடங்கினார். வீட்ஸ்கா மெத்தையை இழுத்துப் போட்டுவிட்டு, மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.